தனித்தனி சார்

மேசைக்கு அடியில் தவழ்ந்துகொண்டேதான் பேசுவார். "ரெண்டையும் ஒண்ணா விடாதீங்க, தனித்தனியா இருக்கணும்" என்று குரல் முதலில் வரும். கையில் சுருட்டிய கேபிளும் முழங்காலில் தூசியுமாக ஆள் அப்புறம்தான் வெளியே வருவார். எங்கள் அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. தனித்தனி சார் என்றால்தான் வாட்ச்மேனுக்கே தெரியும்.

இரண்டு கைக்குட்டை வைத்திருப்பார், முகத்துக்கு ஒன்று, கைக்கு ஒன்று. வீட்டுச் சாவி இடது பையில், அலுவலகச் சாவி வலது பையில். மாறிவிட்டால் அன்று முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். வயது ஐம்பத்தாறு. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது.

அவர் இல்லாமல் எங்கள் பிழைப்பு ஓடாது. வாடிக்கையாளர் நிறுவனத்தின் கோப்புகளை விபிஎன் என்கிற தனி இணைப்பைப் போட்டுத்தான் திறக்க முடியும். போட்டதும் கணினி மொத்தமாக அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். நம் பிரிண்டரைக்கூட அதற்கு அடையாளம் தெரியாது. அதனால் ஒவ்வொரு கணினிக்குள்ளும் மென்பொருளாலேயே இன்னொரு கணினியை உண்டாக்கி, விபிஎன்னை அதற்குள் மட்டும் ஓடவிடுவார். விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். அவருக்கு அது 'உள்மெஷின்'. "வீட்ல ஒரு ரூம வாடகைக்கு விட்டா தனி வாசல் வெச்சிடணும்மா. பழைய கதவையும் மறக்காம அடைச்சிடணும். உள்மெஷினுக்கு ரெண்டாவது நெட்வொர்க் கார்டு இருந்துச்சுன்னா, விபிஎன் அறுந்த உடனே சத்தமில்லாம ஆபீஸ் லைன்ல போயிடும்." அந்த இரண்டாவது கார்டை எடுக்க மறந்த ஒரு புதுப் பெண்ணை அழும்வரை திட்டியிருக்கிறார்.

மதிய இடைவேளையில் தன் சொந்த உள்மெஷினைத் திறப்பார். நான் பக்கத்து மேசை. அவர் பார்ப்பது ஒரே ஒரு இணையப் பக்கம். வாரம் ஒரு முகமாக யாரோ பென்சிலில் வரைந்து போடுகிறார்கள். பஸ்ஸில் தூங்கும் ஆள், பல் இல்லாமல் சிரிக்கும் பூக்காரி. ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன்.

"என் பொண்ணு. அவங்க அம்மாவ மூணு தடவ வரைஞ்சுட்டா" என்றார். "என்னைத்தான் இன்னும் வரையல."

மீதியையும் அவரேதான் சொன்னார். மகள் கல்லூரியில் படித்தபோது, அவள் தன் கணினியில் எழுதுவதெல்லாம் இவருடைய கணினிக்கும் வருமாறு செய்து வைத்திருந்தார். எட்டு மாதம் படித்தார். தோழிக்கு எழுதியது, ஒரு பையனுக்கு எழுதியது, செத்துப்போன அம்மாவுக்கு எழுதியதுகூட. ஒரு மாலை அவள் பின்னால் வந்து நின்றதை இவர் கவனிக்கவில்லை. அந்த வாரமே வீட்டை விட்டுப் போனவள் ஒரே ஒரு செய்தி அனுப்பினாள். 'உங்க வீட்டு நெட்லேர்ந்தோ ஆபீஸ் நெட்லேர்ந்தோ என் பக்கத்துக்கு ஒரு தடவ வந்தாலும் அதையே மூடிடுவேன்.' எந்த இணைப்பிலிருந்து யார் வந்தார்கள் என்று பார்க்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். அதனால் எங்கோ இருக்கிற ஊரிலிருந்து வருவதுபோல் விபிஎன் போட்டு, இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பெத்த மனசு கேக்கலம்மா" என்றார். அவள் மனசைக் கேட்டீர்களா என்று என் நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்து மேசையில் தினமும் உட்கார வேண்டுமே.

போன திங்கட்கிழமை விபிஎன் ஒரு நிமிடம் அறுந்தது. வழக்கமாக இதற்கெல்லாம் அசராத மனிதர் எழுந்து நின்றுவிட்டார். உள்மெஷினில் ஏதோ புதுப்பிப்பதற்காக முந்தின வாரம் இரண்டாவது கார்டைப் போட்டவர், எடுக்க மறந்திருக்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் மகளின் பக்கத்தைத் திறந்திருந்தார், அலுவலக லைனில்.

மறுநாள் மதியம் பக்கத்தில் புதுப் படம் இருந்தது. ஒரு ஆணின் முதுகு. நாற்காலியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறார், கழுத்து மடிப்பு தெரிகிறது, காது தெரிகிறது. முகம் இல்லை. அவருக்கு முன்னால் இருக்கிற திரையில் எழுத்துகள், பொடியாக இருந்தாலும் படிக்க முடிந்தது: 'அம்மா, இன்னிக்கு உன் புடவையைக் கட்டிக்கிட்டேன்.' கீழே ஒரே வார்த்தை: அப்பா.

"வரைஞ்சுட்டா பாத்தியா" என்றார் என்னிடம். சிரித்தாரா அழுதாரா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. நாலு மணிக்கு என் கணினியில் அந்தப் பக்கத்தைத் தேடினேன். மூடியிருந்தாள். அவர் திரையில் ஏற்கெனவே திறந்திருந்த படம் மட்டும் மிச்சம். அவரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு, பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டு படம் போய்விடாமல் இருக்க, உள்மெஷினில் மீதியிருந்த ஒரு கார்டையும் நீக்கினார்.

"ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குங்க சார். கரண்ட் போனா அதுவும் போயிடும்."

"அவளக் கேக்காம எடுக்கறது தப்பும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதமும் இரண்டு வருடமும் போன பிறகு வந்திருக்கிற யோக்கியம்! அந்தப் பொடி எழுத்தை இன்னொரு தடவை பார்க்க எட்டிக் குனிந்தேன்.

அவர் திரையை இரண்டு கையாலும் பிடித்து, எனக்குத் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.