புல்வெளியில் செல்லாத சொல்

ஹிலரி ஓல்ட்ராய்ட் அம்மா ஒரு மாப்பிள்ளையின் வாயைக் கையால் பொத்தினார் என்று சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நான் பார்த்தேன். நாலடி தள்ளி நின்றிருந்தேன்.

அந்த அம்மா கல்யாணப் பதிவாளர். முப்பது வருஷத்துக்கு மேல் அதே வேலை. நான் இங்கிலாந்தில், யார்க்ஷயர் மலையோரத்தில் ஒரு ஓட்டலில் நாற்காலி போடுகிறவன், புல் வெட்டுகிறவன். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். சட்டம் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் வாயால் கேட்டதுதான். சர்க்கார் நடத்தும் கல்யாணத்தில் சாமி வாடையே கூடாது. ஒரு தடவை மணப்பெண்ணின் சித்தி பாடிய பாட்டில் 'சொர்க்கம்' வந்ததும் பாதியிலேயே உட்காரச் சொல்லிவிட்டார். உறுதிமொழியை உரிமம் வாங்கிய அறைக்குள்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஓட்டலில் அது தோட்டத்தைப் பார்த்த பெரிய கூடம். படி தாண்டினால் செல்லாது.

2016 ஜூன், ஒரு சனிக்கிழமை. ஐமி கிரீன்வுட்டுக்கும் கர்ட்டிஸுக்கும் கல்யாணம். ஐமியின் அப்பா வில்ஃப், கல் குவாரியில் உழைத்து நுரையீரல் போய்ச் சாகக் கிடந்தவர். மகள் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. ஒரு நர்ஸ் அவரைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தாள். ஆக்சிஜன் மூன்று மணிவரைதான் தாங்கும்.

ஐமி தன் உறுதிமொழியைச் சொல்லி முடித்தாள். கர்ட்டிஸ் வாயைத் திறக்கிறான், தீ மணி அலறுகிறது. சமையலறையில் எவனோ பன்றிக்கறியைக் கருக்கிவிட்டான். எல்லாரும் புல்வெளிக்கு ஓடினோம். வில்ஃபை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். தீயணைப்பு வண்டி வந்தது. புகை அடங்கும்வரை யாரும் உள்ளே போகக் கூடாது என்றார்கள். மணி இரண்டே முக்கால்.

கர்ட்டிஸ் பொறுக்கமாட்டாமல் ஐமியின் கையைப் பிடித்து, "கர்ட்டிஸ் ஆகிய நான்..." என்று தொடங்கினான். அப்போதுதான் ஓல்ட்ராய்ட் அம்மா அவன் வாயைப் பொத்தினார்.

"இங்க வேணாம் தம்பி. இங்க சொன்னா செல்லாது."

"பத்தடிதாம்மா! கதவு தெரியுது பாருங்க!"

"பத்து அங்குலம்னாலும் செல்லாது."

"எங்கப்பா இங்கதான இருக்காரு!" என்று ஐமி அலறினாள்.

வில்ஃப் மட்டும் ஆக்சிஜன் முகமூடியை விலக்கிச் சிரித்தார். "டேய் கர்ட்டிஸ், எம் பொண்ணு சொல்லிட்டா. நீ நழுவினே, செத்தாலும் வந்து ஒதைப்பேன்."

மூன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நர்ஸ் அவரை அழைத்துவந்த வண்டியிலேயே ஏற்றிவிட்டாள். மூன்றே காலுக்கு எங்களை உள்ளே விட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் கல்யாணம் முடிந்தது. செவ்வாய்க்கிழமை வில்ஃப் போய்ச் சேர்ந்தார்.

ஓல்ட்ராய்ட் அம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். கல்யாணத்தன்று சாயங்காலமே அந்த அம்மா சான்றிதழைக் கொண்டுபோய் வில்ஃபின் கட்டில் பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டியது, பிறகு நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது.

ஐந்து வருஷம் போயிற்று. ஜூலை மாதத்தில் ஒரு காலை, ஓல்ட்ராய்ட் அம்மா என்னிடம் ஒரு தாளை நீட்டினார். இனிமேல் உரிமம் உள்ள இடத்தின் தோட்டத்திலும் கல்யாணம் செல்லுமாம்.

"என்னம்மா இது? எங்க புல்வெளியிலயா?"

"ஆமா கிளிஃப்."

"புதுசா என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். நாற்காலியை வெளியே போடு."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. பேப்பரில் பார்த்து அந்தப் பெண் தெரிந்துகொள்ளக் கூடாது என்று, என் முன்னாலேயே ஐமிக்குப் போன் போட்டார். போனை மேஜைமேல் வைத்து, ஸ்பீக்கரில் போட்டே பேசினார். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அப்ப அன்னிக்கு அந்தப் புல்லுல என்ன தப்பு இருந்துச்சு?" என்று ஐமி கேட்டாள்.

எந்தக் கேள்விக்கும் சட்டத்தின் பிரிவு எண்ணோடு பதில் சொல்கிற மனுஷி.

"எனக்குத் தெரியல தாயி," என்றார்.

ஐமி போனை வைக்கவில்லை. அந்த அம்மாவும் வைக்கவில்லை. நான் வெளியே வந்துவிட்டேன். இரண்டு மணிக்குக் கல்யாணம், புல்வெளியில் முப்பது நாற்காலி போட வேண்டியிருந்தது.