கண்ணில் ஒற்றிய பூ

பொட்டு வைக்கக் கண்ணாடி பார்த்தபோதுதான் கண்டேன். வலது கண்மணி (கண்ணின் நடுவிலுள்ள கருந்துளை) விரிந்து, கண் முழுதும் கறுத்திருந்தது. இடது கண் எப்போதும்போல இருந்தது. வலி இல்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர் பார்த்ததும் விறைத்துப்போனார். இரண்டு வயது மகனை என் தங்கையிடம் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

இளம் டொக்டர் டோர்ச் அடித்தார். வலது கண்மணி சுருங்கவில்லை. மூளைக்குள் இரத்தம் கசிந்தோ கட்டி வளர்ந்தோ நரம்பை அழுத்தலாம், கொழும்புக்கு அனுப்பி மண்டையைத் திறக்க வேண்டியும் வரலாம் என்று கதவுக்கு வெளியே விறாந்தையில் வைத்துக் கணவரிடம் சொன்னார். எனக்கும் கேட்டது. காலையில் புட்டு அவித்தவள் நான்.

அம்புலன்ஸுக்குக் காத்திருந்தபோது கண் டொக்டர் வந்து, கண்மணியைச் சுருக்கும் சொட்டு மருந்து விட்டார். நரம்புதான் அழுந்தியிருந்தால் அதற்குச் சுருங்குமாம். என் கண்மணி அசையவில்லை. அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"காலமை கண்ணில என்ன பட்டது? யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஒண்டும் இல்லை ஐயா. சாமிப் பூவைத்தான் ஒற்றினனான்."

வெள்ளைக்காரர் விட்டுப்போன பங்களா மதிலில் படரும் கொடி அது. கிண்ணம்போல மஞ்சள் பூ. காம்பைக் கிள்ளி அம்மன் படத்துக்கு வைத்து, பிறகு எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். இடுப்பில் பிள்ளை இருந்ததால் ஒரு கண்ணில் மட்டும். அந்தக் கொடி ஊமத்தை இனத்தது, அதன் சாறு கண்மணியை விரிக்கும், தின்றால் புத்தி பேதலிக்கும், உயிரும் போகும் என்றார் டொக்டர். பிள்ளையின் கண்ணிலும் ஒற்றியிருப்பேனே என்று நினைத்தேன்.

உங்களுக்கு இப்படி நேர்ந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொட்ட பூவையும் இலையையும் மறக்காமல் சொல்லுங்கள்.

கொழும்புக்குப் போகத் தேவைப்படவில்லை; சில நாளில் கண் சரியானது. அன்று ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் வழியில் கணவர் திடீரென்று அழுதார்.

"நீ இல்லாட்டி பிள்ளைக்காக உன்ர தங்கச்சியைக் கட்டவேணுமோ எண்டுகூட யோசிச்சுப்போட்டன்."

எனக்குக் கோபம் வரவில்லை. விறாந்தையில் அவருக்கு முன்பே நான் அதை யோசித்து முடித்திருந்தேன். இப்போதும் குசினியில் சமைத்துக்கொண்டு நிற்கும்போது சில வேளை, நான் இல்லாமலே நடந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு வந்திருப்பதாகத் தோன்றுகிறது. அப்போது கையைக் கழுவிவிட்டுப் போய் மகனைத் தூக்கிக்கொள்கிறேன்.