நான்காவது பிம்பம்

அவள் மேலூரிலிருந்து பஸ்ஸில் வருவாள், நான் கோச்சடையிலிருந்து பைக்கில். இருவருக்கும் ஒரே ஆராய்ச்சி அறை, ஒரே கணினி. அடுத்த ஆண்டு உதவித்தொகை ஒருவருக்குத்தான், யாருக்கு என்பதைக் கருத்தரங்கில் பேசுவதைப் பார்த்து முடிவு செய்வோம் என்று சொல்லிவிட்டார்கள். கிடைக்காவிட்டால் அவள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு ஏதாவது வேலைக்குப் போக வேண்டும். எனக்கு அந்த நெருக்கடி இல்லை, அப்பா சம்பாதித்தார். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனசில்லை.

நாங்கள் ஆராய்ந்தது குவாசர். தொலைதூர கேலக்ஸியின் நடுவே ஒரு கருந்துளை, அதைச் சுற்றித் தட்டாகச் சுழன்று எரியும் வாயு. எந்தத் தொலைநோக்கிக்கும் அது வெறும் புள்ளிதான். வழியில் வேறொரு கேலக்ஸி குறுக்கிட்டால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்து ஒன்றை நான்காகக் காட்டும். குவாசரின் மினுக்கம் ஒவ்வொரு பிம்பத்துக்கும் வெவ்வேறு நாளில் வந்து சேரும். அந்த நாள் கணக்கை நேர்செய்து கழித்தால் பொதுவான மினுக்கம் போய்விடும். மிஞ்சுவது, குறுக்கே உள்ள கேலக்ஸியின் நட்சத்திரம் ஒன்று தட்டின் ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கியதால் வந்தது. அதை வைத்துத் தட்டை அளக்கலாம்.

கருத்தரங்குக்கு முந்தின நாள் ஒருவர் கணக்கை மற்றவர் சரிபார்ப்பது எங்கள் வழக்கம். அவளுடையதை என்னிடம் கொடுத்தாள். பத்தே நிமிடத்தில் பிழை அகப்பட்டது. தாமதமாக வந்த நான்காவது பிம்பத்தை முன்னால் இழுப்பதற்குப் பதில் இன்னும் பின்னால் தள்ளியிருந்தாள். ஒரு கழித்தல் குறிதான். குறியைத் திருத்திக் கணினியில் மறுபடி ஓட்டினேன். வந்த வரைபடத்தில் மற்ற கோடுகளெல்லாம் மட்டமாகி, நான்காவது பிம்பத்தில் மட்டும் சின்ன மேடு ஒன்று நின்றது. அவள் தேடியது உண்மையாகவே இருந்தது, அளவுதான் வேறு. எனக்கு வயிறு எரிந்தது.

சாயங்காலம் கேட்டாள். “அண்ணே, பாத்தீங்களா?”

“நேரமே கெடைக்கலம்மா. நீ தைரியமாப் போ.”

மறுநாள் அவள் முடிவைச் சொல்லி முடித்ததும் கையைத் தூக்கினேன். நான்காவது பிம்பத்தை எந்தப் பக்கம் நகர்த்தினாய் என்று கேட்டேன். அவள் திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கூடவே இருந்து குழி பறிப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகவே இருந்தது.

மத்தியானமே உதவித்தொகை எனக்கு என்று கையெழுத்தாகிவிட்டது. மேசையைக் காலி செய்ய வந்தவள், கணினியில் தன் கோப்புகளை எடுத்துக்கொண்டிருந்தபோது நின்றாள்.

“நேத்தே திருத்தி ஓட்டியிருக்கீங்கண்ணே. படம் இங்கன கெடக்கு.”

நான் பைக் சாவியைத் தேடுவதுபோல் இழுப்பறையைத் திறந்தேன்.

“மேடு இருக்குன்னு அங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல.”

அவ்வளவுதான் கேட்டாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். வெட்கம் பல மாதம் கழித்துத்தான் வந்தது. அந்த நிமிடம் எனக்கு என் மேலேயே கோபம், அந்தப் படத்தை அழிக்காமல் விட்டதற்காக.