திருப்பித் தராத கீரைச்சட்டி

தேவகி அக்கா போய்விட்ட செய்தி, கவரைப்பேட்டையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எல்லோரும் கைகூப்பும் படம் போட்டீர்கள். நான் போடவில்லை. மூன்று வருடமாக அவரோடு பேசாதவள் நான். எனக்கு எதற்கு அந்த வேஷம்?

பக்கத்து வீட்டுக்காரி, ஒரே கேன்டீனில் பதினொரு வருடம் கூட நின்று காய் நறுக்கியவள் என்று இரங்கல் கூட்டத்துக்கு என்னை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். தங்கமான மனுஷி என்று எழுத என்னால் முடியாது. வாய்க்கொழுப்பு அதிகம். மூக்கிரட்டை என்று நினைத்து நான் ஆசையாக வளர்த்த கீரையை, என் தோட்டத்துக்குள் கேட்காமல் வந்து பிடுங்கிப் போட்டார். "இது சாரணை. எது இன்னான்னு தெரியாமயே ஆக்கிப் போட்டுக்கினு கீற?" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. அது பார்க்க மூக்கிரட்டை மாதிரியே இருக்கும் சாரணைக் களைதான். அதற்காக அப்படியா கேட்பது?

அவர் கொல்லையில் முளைக்கீரை, பொன்னாங்கண்ணி, மூக்கிரட்டை என்று ஐந்தாறு பாத்தி. பாசிப்பருப்பும் பூண்டும் சேர்த்து வேகவைத்து அவர் மத்தால் கடைந்தால், மணம் சுவரைத் தாண்டி வரும். அந்த மணம்தான் எனக்கு வினையாக வந்தது.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், பொட்டாசியம் ஏறிவிடும், கீரையே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காயைக்கூட வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் கொடுத்தேன். "சத்த கொட்டிட்டு சக்கைய போடுறியே" என்று அதற்கும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பேச்சு. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தால் இவர் தரையில் கிடக்கிறார். கட்டிலடியில் அக்காவின் மண்சட்டி, அதில் ஒட்டிக்கொண்டிருந்தது மூக்கிரட்டைக் கடைசல். சிறுநீரகத்துக்கு நல்லது என்று ஊருக்கெல்லாம் அக்கா சொல்லும் கீரை. பிழைப்பாரா மாட்டாரா என்று நான்கு நாள் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தேன்.

வீடு திரும்பியதும் அக்கா வாசலில் நின்று திட்டித் தீர்த்தேன். "என் தாலிய அறுக்கப் பாத்தியே" என்றேன். அத்தனை வாய் பேசுகிறவர் தலையைக் குனிந்துகொண்டு, "தப்பு என்னுதுதாம்மா. அவர ஒண்ணும் கேக்காத" என்றார். நீங்களும் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள். அன்றோடு உங்களில் ஒருவரும் அவர் கீரையைத் தொடவில்லை. பறிக்க ஆளில்லாமல் முற்றிப் பூத்துக் கிடந்தது.

சட்டியை நான் திருப்பித் தரவில்லை. நம் பக்கம் வெறும் சட்டியாகக் கொடுக்கமாட்டோம், ஏதாவது போட்டுத்தான் கொடுப்போம். அவருக்குப் போட என்னிடம் ஒன்றுமில்லை.

அக்காவை எடுத்துவிட்டு வந்த அன்று, என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "நான்தாம்மே வாயக் கட்ட முடியாம கேட்டேன். டாக்டரு சாப்ட சொல்ட்டாருன்னு பொய் சொன்னேன். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கினேன்."

மூன்று வருடம் ஒரே கேன்டீனில் அக்காவுக்கு முதுகைக் காட்டி நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் வாயைத் திறந்தவர் இதற்கு மட்டும் மூடிக்கொண்டார். அதற்காகவும் எனக்கு அவர்மேல் கோபம்தான். வீட்டில் இருப்பவரைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சட்டி ஒன்றுதான். இன்று காலை அவர் பாத்தியில் முளைக்கீரை பறித்தேன். தண்ணீரைக் கொட்டாமல் கடைந்து, சட்டி நிறையப் போட்டுச் சுவர்மேல் வைத்தேன். அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள ஆளில்லை.