கீறல் விழுந்த கறுப்புத் தட்டு

பேட்டி எடுக்க வருகிறவர்கள் என்னிடம் தவறாமல் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். ராக் இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கிற பைத்தியம் ஒரு காரைக்கால் பெண்ணுக்கு எப்படிப் பிடித்தது என்பது ஒன்று. உங்களுக்கு மிகவும் பிடித்த ஆல்பம் எது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்குக் கௌரவமான பதில்கள் சில கைவசம் வைத்திருக்கிறேன். உலகமே மதிக்கும் நாலைந்து பெயர்களைச் சொன்னால் அவர்களும் திருப்தியாக எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். உண்மையைச் சொல்வதில் ஒரு சங்கடம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆல்பத்தின் பெயரே வெகுகாலம் எனக்குத் தெரியாது.

அம்மாவின் தம்பி, என் மாமா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். எழுபதுகளின் நடுவில், எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும்போது, லீவில் வந்து காரைக்கால் தலத்தெருவில் எங்கள் வீட்டில் தங்கினார். வழக்கமாகச் சென்ட் பாட்டிலும் சாக்லெட்டும்தான் கொண்டுவருவார். அந்த முறை ஒரு ரெக்கார்ட் பிளேயரும் மூன்று இசைத்தட்டுகளும் வந்து இறங்கின. ஒன்றின் அட்டையில் தலைமுடி வளர்த்த நான்கு பேர் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னொன்றில் ஒரு பச்சை மேசையும் அதன்மேல் ஒரு தம்ளர் தண்ணீரும். மூன்றாவது முழுக் கறுப்பு. படம் கிடையாது. அதில் பொடி எழுத்தில் ஏதோ பெயர் இருந்தது. மாமாவிடம் அர்த்தம் கேட்டால் ஒருநாள் 'இருட்டுக் கடல்' என்பார், மறுநாள் 'கரி வியாபாரி' என்பார்.

அந்தக் கறுப்புத் தட்டில்தான் ஆர்கன் இருந்தது. முதலில் மாதா கோயிலில் கேட்பது போல நீளநீளமாக இழையும். பிறகு அடியில் டிரம்ஸ் சேர்ந்துகொள்ள, ரயில் வேகம் பிடிப்பது போல ஓடத் தொடங்கும். அப்பாவுக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை, பூவத்தில் கொஞ்சம் நிலம். இரண்டு இடத்திலும் கேட்காத சத்தம் இது என்று சொல்லி, அந்தத் தட்டு ஓடும்போதெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். எனக்கு மட்டும் அதைக் கேட்கும்போது உச்சந்தலையில் எறும்பு ஊர்வது போல இருக்கும்.

வீட்டில் ஓர் ஆர்மோனியம் இருந்தது. அது அத்தையுடையது. அத்தை அப்பாவின் தங்கை. குழந்தை பிறக்கவில்லை என்று புருஷன் வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன பிறகு எங்களோடு இருந்தாள். அவளோடு திரும்பி வந்தவை ஒரு டிரங்குப் பெட்டியும் அந்த ஆர்மோனியமும்தான். யார் வீட்டு விசேஷத்துக்கும் போகமாட்டாள். விருந்தாளி வந்தால் கூடத்துக்கே வரமாட்டாள். அவளுக்கு வெளியுலகம் என்று இருந்தது, சனிக்கிழமைகளில் திருநள்ளாறு கோயில். அதுவும் அவள் கேட்டதல்ல. எல்லாவற்றுக்கும் சனி பகவான்தான் காரணம் என்று வீட்டில் முடிவு கட்டியிருந்தார்கள். மதியம் எல்லோரும் தூங்கும்போது பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் பாடுவாள்.

அந்த ஆர்மோனியத்தில் நான் கறுப்புத் தட்டின் பாட்டைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஒவ்வொரு ஸ்வரமாகத் தடவித் தடவி, சாப்பாட்டு நேரத்தை மறந்து பிடித்தேன். ஒரு தொல்லை. ஆர்மோனியத்துக்கு ஒரு கை கட்டைக்கு, ஒரு கை துருத்திக்கு. அந்த ஆர்கன்காரனோ இரண்டு கையாலும் வாசித்தான். எனவே மாமா துருத்தி போட உட்கார்ந்தார். அவர் பட்டாளத்து நடைக்குப் போட்டார். ஆர்மோனியம் இருமியது.

பின்கட்டிலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"காத்த அப்படி அடிக்கக் கூடாதுங்க. மெல்ல விடணும். அது கத்துது பாருங்க."

"அப்ப நீங்களே வந்து போடுங்களேன்," என்றார் மாமா.

அத்தை வந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்து துருத்தியில் கை வைத்தாள். ஆர்மோனியம் முதல்முறையாக ஆர்கன் போல மூச்சு விட்டது.

மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்காம் தேதியைப் பழைய பட்டாளத்துக்காரர்கள் எங்கள் ஊரில் கொண்டாடுவார்கள். காலையில் கொடி, அணிவகுப்பு, மாலையில் கலைநிகழ்ச்சி. தன் அக்கா மகள் அங்கே ஐரோப்பிய சங்கீதம் வாசிக்கப்போகிறாள், அதுவும் ஆர்கனில் என்று எங்களிடம் கேட்காமலேயே வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அப்பா முதலில் சிரித்தார். துருத்தி போட அத்தையும் மேடைக்கு வரவேண்டும் என்றதும் சிரிப்பு நின்றது.

"அவள சபையில உக்கார வைக்கப் போறியா? ஊருல நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"நான் போட்டா அது சங்கீதம் இல்ல அத்தான், ஆஸ்துமா."

அத்தை தலையைக் குனிந்துகொண்டு எழுந்து உள்ளே போனாள். அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "அவ வரலன்னா எம் பொண்ணும் வரமாட்டா. எந்தம்பி மேடையில தனியா நின்னு சண்டைக் கதை சொல்லட்டும்," என்றாள். அம்மா அப்பாவிடம் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பெயர்.

அன்று மாலை போர்வையில் சுற்றிய ஆர்மோனியத்தோடு நாங்கள் போய் இறங்கினோம். நிகழ்ச்சியை நடத்துகிறவர் எங்களைத் தாண்டித் தெருவைப் பார்த்தார்.

"ஆர்கன் எங்கங்க? லாரியில வருதா?"

"இதாங்க," என்று மாமா போர்வையை விலக்கினார்.

"இது பஜனைப் பொட்டியாச்சே!" என்றார் கோட்டில் மெடல் குத்தியிருந்த ஒரு பெரியவர். சுற்றிலும் சிரித்தார்கள். மாமாவின் காது சிவந்தது. நான் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

மேடையில் நான் சபையைப் பார்த்து உட்கார்ந்தேன். அத்தை எனக்கு எதிரே, சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவளுக்கு அதுவே வசதியாக இருந்தது. எங்கள் இருவருக்கும் நடுவில், ஆர்மோனியத்துக்கு மேலே, மைக்கைத் தாழ்த்தி வைத்தார்கள். அத்தை ஒருமுறை கண்ணை மூடித் திறந்துவிட்டுத் துருத்தியை அசைத்தாள்.

மாதா கோயில் பகுதியை நான் வாசித்து முடிப்பதற்குள் சிரிப்பு அடங்கிவிட்டது. இடது கை ரயிலைப் பிடித்ததும் மெடல்காரர் நாற்காலியின் கையில் தாளம் போட ஆரம்பித்தார். எனக்குப் பயம் போய்விட்டது. விரல்கள் தாமே ஓடின.

பிறகு அந்த இடம் வந்தது. கறுப்புத் தட்டில் ஒரு கீறல் இருந்தது. அங்கே வந்ததும் ஊசி சிக்கி, ஒரே வரி திரும்பத் திரும்பச் சுற்றும். மாமா சுண்டுவிரலால் தட்டிவிட்டால் முடிவுப் பகுதிக்குத் தாவும். அது கோளாறு என்று எனக்குத் தெரியாது. பாட்டே அப்படித்தான், மாமாவின் விரலும் அதில் சேர்த்தி என்றே நினைத்திருந்தேன். ஒத்திகையில்கூட அவர் சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டும்வரை அந்த வரியைச் சுற்றிக்கொண்டிருப்பேன். மேடையிலும் சுற்றத் தொடங்கினேன். ஓரக்கண்ணால் மாமாவைத் தேடினேன். அவர் மேடையோரத்தில் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சபையிலிருந்த தன் நண்பர்களுக்கு என்னைக் கட்டைவிரலால் சுட்டிக்காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

நான் சுற்றினேன். மறுபடியும் சுற்றினேன். தாளம் போட்ட கை நின்றது. யாரோ செருமினார்கள். கண்ணில் நீர் முட்ட, அத்தையைப் பார்த்தேன். அவள் தலையை லேசாக அசைத்தாள். நிறுத்தாதே என்று அர்த்தம். துருத்தி நிற்கவில்லை.

அப்போது அத்தை பாடத் தொடங்கினாள்.

வார்த்தை எதுவும் இல்லை. வெறும் அகாரம். என் விரல்கள் சுற்றிக்கொண்டிருந்த அந்த வரியில் சுத்த தன்யாசி ராகம் இருந்திருக்கிறது. எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. தட்டு ஓடிய முதல் நாளே அவள் அதை அடையாளம் கண்டிருக்கிறாள். பின்கட்டுக் குரல் இல்லை அது. கீழே தொடங்கி, என் வரியின் மேல் படியேறுவது போல ஏறி, ஒவ்வொரு படியிலும் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, மேல் ஷட்ஜத்தைத் தொட்டு அங்கேயே நின்றது. ஒலிபெருக்கி தெருக்கோடிவரை கொண்டுபோயிற்று. மாமா திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்தார். அத்தை குரலை விடாமலே எனக்குக் கண்ணால் ஜாடை காட்டினாள். நான் முடிவுப் பகுதிக்குத் தாவினேன்.

கடைசி ஸ்வரத்தை வாசித்து முடித்தேன். பிறகு கைதட்டல், விசில், "பிராவோ! பிராவோ!" என்ற கூச்சல். நடத்துகிறவர் ஓடிவந்து மைக்கைப் பிடித்து, "பாப்பா பாட்டும் பிரமாதமா பாடுது பாருங்க!" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் பாடலைங்க. எங்க அத்தை பாடுனாங்க."

சபை முழுவதும் ஒரு முதுகையே பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு எழுந்து, மெதுவாகத் திரும்பி நின்றாள். மெடல்காரர்தான் முதலில் எழுந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். கடைசி வரிசையில் நின்றிருந்த அப்பா கைதட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

பல வருடங்கள் கழித்துச் சென்னையில் ஒரு பழைய கடையில் அந்தக் கறுப்பு அட்டை என் கையில் கிடைத்தது. பெயர் 'இருட்டுக் கடல்' இல்லை, 'கரி வியாபாரி'யும் இல்லை. கீறல் இல்லாத தட்டில் அந்த வரி ஒரே ஒருமுறை வந்து போய்விட்டது. ஏமாந்துபோனேன். இன்றும் மேடையில் நான் ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு சுற்றிச்சுற்றி வாசிக்கும்போது, அது எந்த மேதையிடமிருந்து வந்த பாணி என்று விமர்சகர்கள் ஆராய்கிறார்கள்.

அந்த நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை, எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா நின்றது. நிகழ்ச்சியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியை இறங்கினார். என்னைப் பாராட்ட வந்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உள்ளே ஓடிப் பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, தலையை நனைத்து வாரிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நின்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டு, கதவோரம் நின்ற அத்தையிடம் போனார்.

"பாட்டு முறையா படிச்சிருக்கீங்களாம்மா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி பாட்டுல ஹையர் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கேங்க."

"எங்க பள்ளிக்கூடத்துல பாட்டு டீச்சர் இடம் காலியா கிடக்கு. வர்றீங்களா?"

அத்தை வழக்கம்போல அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரோரம் கிடந்த நாற்காலியை எடுத்து வந்து அத்தைக்குப் பக்கத்தில் போட்டார். "என்னை ஏன் பாக்குற? உன்னத்தானே கேக்குறாங்க. உக்காந்து பதில் சொல்லு," என்றார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். நான் பின்னாலேயே போய், "நான்தானே வாசிச்சேன்?" என்று கேட்டேன். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள்.

அத்தை வேலைக்குக் கிளம்பிய திங்கட்கிழமை, அதுவரை தான் வெளியே போகும்போது சகுனம் பார்த்து அவள் எதிரே வராமல் பார்த்துக்கொண்ட அதே அப்பா, அவளுடைய கைப்பையைத் தான் வாங்கிக்கொண்டு தெருமுனைவரை கூடவே நடந்து போனார். வாசல்களில் பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். எதற்காக இத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இனி நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தாலும் அத்தை வரும்வரை எனக்குத் துருத்தி போட ஆளில்லையே என்று அன்று முழுவதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.