முகம் காட்டாத உலோகம்

குளிர்பதனப் பெட்டிகளுக்குக் ‘காயில்’ என்னும் வளைகுழாய்ச் சுருள் செய்யும் தொழிற்சாலையில் அவரைச் செம்புக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் அடையாள அட்டையோடு சரி. செம்புக் குழாய்களை நெருப்பு வைத்து இணைப்பதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. அதை அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார் என்பதுதான் கொஞ்சம் தொந்தரவு.

செம்பு அவருக்குத் தோதான உலோகம். சூடு ஏறினால் கறுக்கும், மங்கலாகச் சிவக்கும், பிறகு நன்றாகவே சிவக்கும். எந்தச் சிவப்பில், உருகி ஒட்டும் பற்றுக்கம்பியைத் தொடவேண்டும் என்று அவர் கண்ணுக்குத் தெரியும். அதற்கு அப்புறமும் உருகுவதற்கு வெகுதூரம் இருப்பதால், ஆள் சற்று அசந்தாலும் செம்பு பொறுத்துக்கொள்ளும்.

அவர் இணைத்த காயில் அடுத்த கூடத்துக்குப் போகும். அங்கே தண்ணீர்த் தொட்டி அருகில் நிற்பது அவர் மனைவி. காயிலுக்குள் காற்றை அடைத்துத் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வராவிட்டால் வெள்ளைச் சாக்பீஸால் ஒரு கோடு, வந்தால் சிவப்பால். புருஷனைப் பெண்டாட்டி சோதிக்கிறாள் என்று கேன்டீனில் கேலி ஓடும். "வீட்டுலயும் அதான நடக்குது" என்பார் அவர். அவருக்குச் சிவப்புக் கோடு விழுந்து வருஷங்கள் ஆகியிருந்தன.

பிறகு கம்பெனி அலுமினியக் கலவைக்கு மாறியது. செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. சூட்டைக் கடத்துவதில் செம்புக்குப் பாதிதான் என்றாலும், குழாயைச் சுற்றியுள்ள தகடுகளை நெருக்கி வைத்து அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். பாதி செம்பு, பாதி அலுமினியம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரண்டும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தால் அலுமினியம் அரித்துப்போகும். நெருப்பு வேலை செய்யும் எல்லோருக்கும் ஒரு தேர்வு வைத்தார்கள். மூன்று காயில் இணைக்கவேண்டும், மூன்றும் கசியக்கூடாது. தேறாதவர் நெருப்பை விட்டுவிட்டுப் பேக்கிங் பிரிவுக்குப் போகவேண்டியதுதான்.

அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டும் ஆளாகத் தன்னைச் செம்புக்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அலுமினியமோ சுத்தக் கல்லுளிமங்கன். முதல் நாள் அது சிவக்கட்டும் என்று காத்திருந்தார். குழாய் வெள்ளையாகவே இருந்தது, வெள்ளையாகவே உருகி அவர் பூட்ஸ் மேல் சொட்டியது. குழாயைப் பார்க்காதீர்கள், மேலே தடவிய ஃப்ளக்ஸ் பசை உருகித் தண்ணீர் போலத் தெளிகிறதா என்று பாருங்கள், தெளிந்ததும் கம்பியைக் கொடுங்கள் என்றார் பயிற்சிக்கு வந்தவர். காது கேட்டுக்கொண்டது. கண் பழைய புத்தியை விடவில்லை. குழாய் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் நெருப்பை முன்னதாகவே எடுத்தார். பற்று உள்ளே இறங்காமல் மேலோடு நின்றது.

"பயந்துக்கிட்டு சீக்கிரம் எடுத்துடுறீங்க. குமிழி வர்ற எடமே சொல்லுது" என்றாள் மனைவி, வீட்டில் துணி மடித்துக்கொண்டே.

"நெருப்பு பக்கத்துல நின்னு பாரு, தெரியும்."

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தேர்வு நாளில் அவருடைய முதல் இரண்டு காயிலும் தாங்கின. மூன்றாவதை அவள் முக்கினாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசருக்குப் போன் வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினார். இணைப்பின் ஓரத்தில் கடுகு போல ஒரு குமிழி ஒட்டியிருந்தது. மெல்லப் பெருத்து, கழன்று மேலே வந்து உடைந்தது. பார்த்தவர்கள் இரண்டே பேர், அவளும் தொட்டி ஓரமாக நின்ற செம்புக்காரரும்.

செம்புக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வேலை நேரத்தில் அதில் எதுவும் தெரியாது. அன்றும் தெரியவில்லை. சிவப்புக் கோடு விழுந்தது.

பஸ்ஸில் அவர் வேறு இருக்கையில் உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"சூப்பர்வைசரு திரும்பி நின்னாரு."

"ஆமா."

"ஒரே ஒரு குமிழி. பாக்காத மாதிரி விட்டிருக்கலாம்."

"வெள்ளைச் சாக்பீஸைத்தான் மொதல்ல எடுத்தேன்" என்றாள் அவள். "காயில் மேல வைக்கிற வரைக்கும் கை போயிடுச்சு. நீங்க பாக்கலையா?"

அவர் பார்க்கவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்புறம் ஏன் போடல?"

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "நீங்களும்தான் அந்தக் குமிழியப் பாத்தீங்க. நான் வெள்ளை போட்டிருந்தா, இத்தனை வருஷமா உங்களுக்குப் போட்ட வெள்ளைக் கோட்டையெல்லாம் நீங்க என்னன்னு நெனைப்பீங்க?"

செம்புக்காரர் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கோபத்தைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. நெருப்பு கையை விட்டுப் போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. மனைவி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழுதார்.