அவசரம் லேது

சித்தூரைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் என் பந்தலில் கல்யாணம் நடந்த வீடு ஒன்றாவது இருக்கும். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், ஆனால் உண்மை. குடியாத்தம் பக்கத்திலிருந்து மூங்கில் லாரியின் மேல் உட்கார்ந்து வந்து இறங்கியவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. இன்றைக்கு என் சாமியானாவை எல்லாம் அவிழ்த்து விரித்தால் ஒரு தெரு முழுக்க நிழலாகிவிடும். புயல் காற்றிலும் என் முடிச்சு அவிழ்ந்ததில்லை. எழுதுவது எழுத்துக்கூட்டித்தான். ஆனால் பேச்சில் தமிழ், தெலுங்கு இரண்டிலும் என்னை ஜெயித்தவன் இந்த ஜில்லாவில் கிடையாது. கலெக்டர் ஆபீசிலேயே நான் பேச ஆரம்பித்தால் நாற்காலி போடுவார்கள்.

அந்த வாய் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதுகிறேன்.

என் பந்தலுக்குப் பின்னால் அடுப்பு மூட்டியவன் என் நண்பன். கல்யாணச் சமையல் மேஸ்திரி. நான் கம்பம் நட்ட நாளிலிருந்து அவன் கரண்டி பிடித்தான். அவனுடைய ரசத்துக்காகவே முகூர்த்த தேதியை மாற்றிய வீடுகள் உண்டு. அவனோடு காய் நறுக்கும் பெண்களுக்குத் தலைவியாக இருந்தவள் திருத்தணிப் பக்கத்துக்காரி, சின்ன வயதிலேயே புருஷனை இழந்தவள், ஒரே மகள். என்னை அண்ணா என்பாள். அவனை மேஸ்திரி என்பாள். அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏன் என்று ஊருக்கே தெரியும். மகளுக்கு ஒரு வழி பிறக்கட்டும் என்று அவள் சொன்னாள், அவன் காத்திருந்தான். மகள் கல்யாணமாகிச் சூளூர்பேட்டைக்குப் போனாள். அங்கிருந்து அவளே ஒருநாள் போன் செய்து, இன்னும் எத்தனை நாளைக்கு ஊர் வாயில் கிடப்பாய், அவரைக் கட்டிக்கொள் என்று அம்மாவிடம் சொன்னாள். வைகாசியில் திருப்பதியில் தாலி கட்டுவது என்று முடிவாயிற்று. இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. முகூர்த்தத்தை நான்தான் பார்த்துக் கொடுத்தேன்.

பங்குனியில் அவனுக்குச் சோறு இறங்காமல் போயிற்று. என் காரில் திருப்பதிக்கு அழைத்துப்போனேன். பெரிய ஆஸ்பத்திரி, நான்கு நாள் அலைச்சல். வயிற்றில் கட்டி. அவன் வெளியே சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுத் தெலுங்கில் சொன்னார். ஆபரேஷன் அவசரம் லேது என்றார். இண்டிக்கி பில்சுக போண்டி என்றார். வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், பிடித்ததைச் சாப்பிடக் கொடுங்கள்.

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. இந்தப் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். அறுக்கத் தேவையில்லை என்றார் டாக்டர். அறுத்தாலும் பிரயோஜனம் இல்லை என்று அதற்கு அர்த்தம். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்துவிட்டது.

வெளியே வந்ததும் அவன் கேட்டான். வீட்டுக்குப் போகச் சொல்கிறார், பிடித்ததைத் தின்னச் சொல்கிறார் என்றேன். அவன் சிரித்தான்.

"பிடிச்சத துன்னச் சொன்னா முடிஞ்சி போச்சின்னு அர்த்தம் பா," என்றான். காரில் ஏறியதும் சொன்னான். "அவகிட்ட நீ சொல்லிடு. எனக்கு வாய் வராது. தெரிஞ்சிக்கினு கட்டிக்கறதுன்னா கட்டிக்கட்டும். வாணான்னா வாணாம்."

சந்திரகிரி தாண்டுவதற்குள் அவனுக்குத் தூக்கம் பிடித்தது. நான் காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கிப் போய் அவளுக்குப் போன் செய்தேன். பத்து வீட்டுக்குச் சாவுச் செய்தி சொல்லியிருக்கிறேன், சம்பந்திச் சண்டைகளை நின்ற இடத்தில் தீர்த்திருக்கிறேன். அன்றைக்கு அவள் 'அண்ணா' என்றதும் என் வாய் குழறிவிட்டது.

"ஒண்ணும் இல்லம்மா, ஆபரேஷன் அவசரம் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றேன்.

பாதி தெலுங்கு, பாதி தமிழ். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுவோம். ஆனால் நான் ஆரம்பித்தது தமிழில், முடித்ததும் தமிழில். அதனால் நடுவில் இருந்த சொல்லையும் அவள் தமிழாகவே கேட்டாள். அப்பாடா என்றாள். ஏழுமலையானே என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அவள் எப்படிக் கேட்டாள் என்று. அடுத்த வாக்கியத்தில் திருத்தியிருக்கலாம். போனை வைத்துவிட்டேன்.

அவனிடம் சொல்லிவிட்டேன் என்றேன். என்ன சொன்னாள் என்று கேட்டான். சாமியைக் கும்பிட்டாள் என்றேன். அதுவும் பொய் இல்லை.

அந்த வாரமே சூளூர்பேட்டையிலிருந்து சேதி வந்தது. மகளுக்கு ஆறாம் மாதம், படுத்தே கிடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். ஆபரேஷனுக்கே அவசரம் இல்லை என்றால் கல்யாணத்துக்கு என்ன அவசரம், பிரசவம் பார்த்துவிட்டு ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று அவள் என்னிடம் கேட்டாள். சரி என்றேன். அந்த வைகாசியில் ஏழு முகூர்த்தம் ஒப்புக்கொண்டிருந்தேன், மேஸ்திரி நாற்காலியில் உட்கார்ந்து ருசி பார்த்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறினாள். அவன் ஸ்டேஷன்வரை போய் ஏற்றிவிட்டு வந்தான். நாளாக நாளாக நாற்காலியில் அவன் இளைத்துக்கொண்டே வந்தான். அவளைப் பற்றி நான் ஏதாவது பேச்செடுத்தால், அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள் அல்லவா என்பான்.

ஆவணியில் அவள் வந்தாள். திருப்பதிக்குக் காரில் போகலாம் என்றேன். அவன் பஸ்தான் என்றான். ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு போகவேண்டுமாம், ஆயுசெல்லாம் பாத்திர வேனில் பின்னால் உட்கார்ந்தே போய்விட்டதாம். மூன்று பேர் உட்காரும் சீட்டில் அவன் ஜன்னலோரம், அவள் நடுவில், நான் இந்தப் பக்கம். பெண்களுக்கு இப்போது பஸ் இலவசம். அவள் ஆதார் அட்டையைக் கண்டக்டரிடம் நீட்டிவிட்டு எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"பாத்தீங்களா, இந்தாளக் கட்டிக்கறதுக்கு கவர்மெண்டே என்னை சும்மா கூட்டிக்கினு போவுது."

"வயசானதுன்னு தள்ளி விடறாங்க," என்றான் அவன்.

சட்டை அவன் தோளில் மாட்டிய கோணிபோல் தொங்கியது. அவள் முந்தின நாள் அவனைப் பார்த்ததும் திடுக்கிட்டதை நான் கவனித்தேன். அடுப்புச் சூட்டில் இளைத்திருக்கிறார், இனி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

புதலப்பட்டில் பஸ் நின்றபோது ஜன்னலுக்குக் கீழே சீத்தாப்பழக் கூடைகள் வந்தன. அவன் நான்கைந்தைத் தொட்டுப் பார்த்து ஒன்றை எடுத்தான். கண் விரிந்த பழம், கைபட்டதும் பிளந்தது. பாதியை அவளிடம் கொடுத்தான். இரண்டு பேரும் விதையைக் கையில் துப்பித் துப்பித் தின்றார்கள். காலை வெயில் மாந்தோப்புகளுக்குள் சாய்வாக இறங்கியிருந்தது. எங்கோ வேர்க்கடலை வறுக்கிற வாசம் வந்தது. மணல் பத்தவில்லை, கருகப்போகிறது என்றான் அவன், பஸ்ஸுக்குள் இருந்தபடியே. நன்றாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொன்னால், அந்தக் கால் மணி நேரம் நான்கூட மறந்திருந்தேன்.

அவள்தான் திட்டம் போட ஆரம்பித்தாள். தீபாவளிக்குப் பேரப்பிள்ளையைக் கூட்டி வரவேண்டும். கார்த்திகை முகூர்த்தங்களை அண்ணனிடம் ஒப்புக்கொள்ளலாம். பிறகு சாதாரணமாகச் சொன்னாள்.

"ஆபரேஷன தை பொறந்து பாத்துக்கலாம் மேஸ்திரி. அவசரம் இல்லன்னாரே டாக்டரு."

அவன் வாயில் ஒரு விதை இருந்தது. துப்பவில்லை. மெதுவாகத் திரும்பி, அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தான். நான் கண்டக்டரைப் பார்த்தேன்.

பாகாலாவுக்குப் பக்கத்தில் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவன் அசையாமல் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"நீ சொல்லவே இல்ல."

"சொன்னேன் பா. டாக்டர் சொன்ன வார்த்தையத்தான் சொன்னேன். அவ தமிழ்ல எடுத்துக்கினா."

"தெரிஞ்சிக்கினுதான் அவ வுட்டுட்டுப் போயிட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா. இத்தினி மாசமா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் முகத்தில் கோபம் இல்லை. கண்ணீர் வழிய, அவளுடைய நரைத்த தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்குத் தெரியாது என்ற சந்தோஷம் அது. சந்திரகிரி மலை தெரிந்தபோது சொன்னான்.

"தாலி கட்டறதுக்கு முன்ன சொல்லு. சொல்லலன்னா நான் கட்ட மாட்டேன். எறங்கி திரும்பிப் பூடுவேன்."

அலிபிரி போகிற ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில் சின்னக் கோயில். அர்ச்சகரிடம் முன்பே பேசிவைத்திருந்தேன். அவன் உள்ளே தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான். மாலை வாங்கலாம் வா என்று அவளை வாசலில் இருந்த பூக்கடைக்கு அழைத்தேன். மல்லிகையை முகர்ந்து பார்த்து, இரண்டு முழம் வெட்டச் சொன்னாள். நான் சுற்றி வளைத்து எங்கெங்கோ பேசினேன். கடவுள் விட்ட வழி என்றேன், மனசைத் திடமாக வைத்துக்கொள் என்றேன். அவள் நிறுத்தினாள்.

"டாக்டர் வாயால இன்னா சொன்னாரு? அத்த அப்பிடியே சொல்லு."

சொன்னேன். தெலுங்கிலேயே, ஒரு எழுத்து மாற்றாமல்.

"அவசரம் லேது," என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பூக்காரி முழம் அளந்துகொண்டிருந்தாள். "அவருக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"எனக்கும் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தாரா?"

இங்கே ஒரு பொய் சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது பெரிய காரியமில்லை. ஆமாம் என்றேன்.

அவள் மலையைப் பார்த்தாள். மேலே மேகம் மூடியிருந்தது. பிறகு பேசினாள், என்னிடம் பேசுவதுபோல் இல்லை.

"தெனம் போன் பண்ணி, கொழந்த சிரிக்குது, கொழந்த கொட்டாவி வுடுதுன்னு சொல்லிக்கினு இருந்தேன். சாவப்போற மனுசன வுட்டுட்டுப் போயி கொழந்த கொஞ்சறவன்னுதான கேட்டுக்கினு இருந்திருப்பாரு. உம் உம்னு கேட்டாரு."

மாலைகளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். கெட்டிமேளம் செல்போனில் ஒலித்தது. அவன் தாலியைக் கட்டினான். இரண்டு முடிச்சுப் போட்டான். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போடுவது. அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. வாழ்நாளெல்லாம் முடிச்சுப் போட்டவன், அண்ணன் முறை, நானே போடுகிறேன் என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தேன், இரண்டு பேரும் சிரித்துச் சம்மதித்திருந்தார்கள். நான் குனிந்தேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்த் தானே மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டாள்.

பிறகு சாப்பிடப் போனோம். இதுவரை முதல் பந்தியில் உட்கார்ந்ததே இல்லை என்பதுதான் அவனுடைய ஒரே குறை, அதனால் ஒரு ஓட்டலில் மேசையில் வாழை இலை போடச் சொல்லியிருந்தேன். அவன் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, பெருங்காயத்தை முன்னாலேயே போட்டுவிட்டான் என்று சர்வரைக் கூப்பிட்டுச் சொன்னான். சர்வர் முறைத்தான். மேஸ்திரிக்கு அதில் அப்படி ஒரு குஷி. மூன்று கவளம் இறங்கியது. அவள் பிசைந்து கொடுத்தாள். பாயசத்தில் முந்திரியைத் தேடி எடுத்து அவன் இலையோரம் வைத்தாள். எதிரில் நான் ஒருவன் இருக்கிறேன் என்பதே அந்த மேசைக்குத் தெரியவில்லை.

புரட்டாசிக் கடைசியில் அவன் போனான். நாற்பது நாள்கூட ஆகவில்லை.

சேதி கேட்டதும் குடோனைத் திறந்து இருப்பதிலேயே நல்ல சாமியானாவை எடுத்தேன். பெரிய வீட்டுக் கல்யாணங்களுக்கு மட்டும் பிரிப்பது. ஆறு ஆட்களோடு வேனில் போய் இறங்கினேன். வாசலில் பெஞ்சில் அவனைக் கிடத்தியிருந்தார்கள். ஆட்கள் இரண்டு கம்பம் நட்டுவிட்டார்கள். மூன்றாவதற்குக் கடப்பாரை இறங்கும்போது அவள் வெளியே வந்தாள். தாலி கழுத்தில் புது மஞ்சளாக இருந்தது. என்னைப் பார்த்தாள். தமிழில் சொல்லவில்லை.

"அவசரம் லேது அன்னா," என்றாள்.

என் ஆட்களில் பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் தெலுங்கு. எல்லோருக்கும் சரியாகப் புரிந்தது. ஒருவனும் என் முகத்தைப் பார்க்காமல் கம்பங்களைப் பிடுங்கி வேனில் ஏற்றினார்கள்.

வெயில் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒரு நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து அவனுக்கு மேலாகக் கட்டினார்கள். முடிச்சு சரியில்லை என்பது ரோட்டிலிருந்தே தெரிந்தது. காற்று வந்தபோதெல்லாம் ஒரு மூலை அவிழ்ந்துகொண்டது. யாராவது ஒருவர் எழுந்து மறுபடி கட்டினார்கள். நான் வேன் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.